யார் சாடை? குடும்ப முகங்களை வரைந்த பதிவு

இறுதியாண்டுப் படைப்புக்குக் குடும்பத்து முகங்களை வரைகிறேன் என்று எழுதிக் கொடுத்தேன். பாட்டி, பெரியம்மா, அம்மா, தம்பி, நான் என்று ஐந்து உருவப்படங்கள். தாய்வழியில் ஒரு சாடை எப்படி இறங்கி வருகிறது என்று காட்டுவது திட்டம். சின்ன வயதிலிருந்தே எங்களைப் பார்க்கிறவர்கள் "பாட்டியை அப்படியே உரிச்சு வெச்சிருக்கு" என்பார்கள். எதை உரித்து வைத்திருக்கிறோம், மூக்கையா நெற்றியையா என்று திருப்பிக் கேட்டால் ஒருவருக்கும் சொல்லத் தெரியாது. வரைந்து பார்த்தால் தெரிந்துவிடும் என்பது என் கணக்கு. முடிக்கும்போது படங்கள் ஆறாகிவிட்டன, சாடையும் நான் தேடிய இடத்தில் இல்லை.

பாட்டியின் போட்டோ

பாட்டியை நான் நேரில் பார்த்ததில்லை. வீட்டில் மிஞ்சியிருப்பது உள்ளங்கையில் அடங்குகிற ஒரு ஸ்டூடியோ போட்டோதான். கறுப்பு வெள்ளை. முகம் கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவே. 1200 டிபிஐயில் ஸ்கேன் எடுத்து ஏ3 தாளில் அச்சிட்டதும், சின்ன அளவில் கண்ணுக்குப் படாத ஒன்று தெரிந்தது. கண்களுக்குக் கீழும் வாயோரங்களிலும் தாடை விளிம்பிலும் பொடிப்பொடியாகக் கோடுகள். போட்டோவின் சொரசொரப்போடு அவை சேரவில்லை. யாரோ கையால் போட்டவை.

அது டச்சிங் வேலை. ஃபிலிம் காலத்து ஸ்டூடியோக்களில் பிரிண்ட் போடும் முன்பு, வெளிச்சமும் நிழலும் தலைகீழாகப் பதிந்திருக்கிற நெகட்டிவ் ஃபிலிமின் மேலேயே கூர்மையான பென்சிலால் திருத்துவார்கள். சுருக்கம் என்பது நிழல். அதனால் நெகட்டிவில் அது ஒளி ஊடுருவுகிற மெல்லிய கோடாக இருக்கும். அந்தக் கோட்டைப் பென்சிலால் நிரப்பினால் அங்கே அடர்த்தி கூடும், பிரிண்ட்டில் அந்த இடம் வெளுத்துச் சுருக்கம் காணாமல் போய்விடும். "உனக்கும் பாட்டிக்கும் அதே கன்னம்" என்று அம்மா வாய் ஓயாமல் சொல்கிற கன்னம், முகம் தெரியாத ஒரு டச்சிங்காரரின் கைவண்ணம்.

இப்போது இந்தக் கன்னத்தை என்ன செய்வது? பெரியம்மாவின் சுருக்கங்களைக் கடன் வாங்கிப் பாட்டிக்குப் போடலாம். அது இன்னொரு டச்சிங், திசைதான் வேறு. திருத்தப்பட்ட இடங்களை வரையாமலே விடுவது என்று முடிவுசெய்தேன். கண்கள், மூக்கு, மேலுதடு, தலைமுடி இவற்றுக்கு முழு டோன். கன்னமும் தாடையும் வெறும் தாள். கரித்துண்டு முகத்துக்குள் தொடங்கிக் கன்னத்தின் ஓரத்தில் நின்றுவிடும்.

பேராசிரியர் இதைப் பார்த்துவிட்டு ஜெர்மன் ஓவியர் கெர்ஹார்ட் ரிக்டரின் படங்களை எடுத்துப் பார்க்கச் சொன்னார். ரிக்டர் 1965இல் தன் தாய்மாமன் ரூடியையும் சித்தி மரியானேயையும் குடும்பப் போட்டோக்களிலிருந்து வரைந்தார். ராணுவச் சீருடையில் சிரித்துக்கொண்டு நிற்கிற ரூடி போரில் இறந்தவர். மரியானே மனநோயாளி என்பதற்காக நாஜிகளால் கொல்லப்பட்டவர். போட்டோவில் உள்ளபடியே வரைந்து, பெயின்ட் ஈரமாக இருக்கும்போதே உலர்ந்த பிரஷ்ஷால் இழுத்து அதைக் கலைத்துவிடுவார். நாம் பார்ப்பது ஆளை அல்ல, ஆளின் போட்டோவை என்பது ஒரு கணமும் மறக்காது. அந்தக் கலைப்பைக் கரியில் முயன்றால் எனக்கு அழுக்குத் துணி தேய்த்ததுபோல்தான் வந்தது. வெறும் தாளே போதும் என்று விட்டேன்.

ட்ரேசிங் பேப்பர்

அடுத்து, எல்லாரையும் நேர்முகமாகப் போட்டோ எடுத்து, ட்ரேசிங் பேப்பரில் வரைந்து, ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்க்கிற வேலை. இதற்குப் போட்டோ எடுக்கும்போது தூரம்தான் முக்கியம். கையை நீட்டி எடுக்கிற செல்ஃபியில் மூக்கு பெருத்து, காது பின்வாங்கி, ஆளே மாறிவிடுவார். கேமராவுக்கு மிக அருகில் இருக்கும்போது மூக்கு காதைவிட ரொம்பவே பக்கத்தில் இருக்கிறது, அதனால் வருகிற வினை இது. இரண்டு மீட்டர் தள்ளி நின்று ஜூம் செய்தால் சரியாகிவிடும். தம்பியின் ஃபோனில் இருந்த அத்தனை செல்ஃபிகளில் ஒன்றுகூடத் தேறவில்லை.

பெரியவர்களுக்கு இரண்டு கண்மணிகளுக்கும் இடையிலான தூரம் சராசரியாக 63 மில்லிமீட்டர் இருக்கும். எல்லா முகத்தையும் அந்த அளவுக்குக் கொண்டுவந்து அச்சிட்டேன். யாருக்குப் பெரிய தலை, யாருக்குச் சின்னத் தலை என்பது இதில் தொலைந்துவிடும். ஒப்பிட ஒரு பொது அளவு வேண்டுமே, வேறு வழியில்லை.

ஐந்தையும் சேர்த்து, அடியிலிருந்து வெளிச்சம் வருகிற லைட் பாக்ஸில் வைத்தால் நல்ல லட்சணமான ஒரு முகம் தெரிந்தது. எங்கள் வீட்டில் அப்படி யாரும் இல்லை. ஆங்கிலேய விஞ்ஞானி பிரான்சிஸ் கால்டன் 1870களில் இதே வேலையைக் கேமராவால் செய்தார். பல பேரின் போட்டோக்களை ஒரே தகட்டில் கொஞ்சம் கொஞ்சமாகப் பதியவைத்துக் கூட்டு முகம் உண்டாக்கினார். குற்றவாளிக்கென்று ஒரு முகவெட்டு உண்டா என்று தேடினார். கிடைத்ததோ, தனித்தனி முகங்களைவிட லட்சணமான ஒன்று. மனிதர்களில் 'நல்ல' பரம்பரையை மட்டும் பெருக்க வேண்டும் என்கிற கொள்கைக்கு 1883இல் யூஜெனிக்ஸ் என்ற பெயரை உண்டாக்கியவரும் இவர்தான். முகங்களைக் கூட்டிச் சராசரி பார்க்கிற வேலையில் எனக்கு அதற்குமேல் மனம் போகவில்லை.

இரண்டிரண்டாக வைத்துப் பார்த்ததில் சில ஒற்றுமைகள் கிடைத்தன. அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் மூக்கடிக்கும் மேலுதட்டுக்கும் உள்ள இடைவெளி ஒன்றேதான். பாட்டிக்கும் எனக்கும் புருவம் கண்ணிலிருந்து ஏறி நிற்கிற உயரம் ஏறக்குறைய பொருந்தியது. தம்பிக்கு யாரோடும் எதுவும் ஒட்டவில்லை. ஆனால் வீட்டுக்கு வருகிறவர்கள் "அம்மா குடும்பத்துச் சாடை" என்று முதலில் கைகாட்டுவது அவனைத்தான். தாள்களைச் சுருட்டி மேலே போட்டுவிட்டு, ஆட்களை உட்காரவைத்து வரையலாம் என்று இறங்கியது அதனால்தான்.

உட்காரவைத்தபோது

நேர் வெயில் விழாத ஜன்னல் பக்கம் நாற்காலி. அறையில் மற்ற விளக்கெல்லாம் அணைத்துவிட வேண்டும், ஒரு பக்கத்திலிருந்துதான் வெளிச்சம் வர வேண்டும். நாற்காலிக் கால்கள் இருக்கும் இடத்தைத் தரையில் டேப் ஒட்டிக் குறித்துக்கொண்டால், எழுந்துபோய் வந்தாலும் பழைய இடத்திலேயே உட்காரலாம். இருபது நிமிடம் உட்கார்ந்தால் ஐந்து நிமிடம் ஓய்வு. சாம்பல் நிறத் தாள். தொடக்கத்துக்கு வில்லோ சார்க்கோல், அதாவது வில்லோ மரக்குச்சிக் கரி, அது துணியால் தட்டினாலே போய்விடும். அழுத்தமான கறுப்புக்குக் கரித்தூளை இறுக்கிச் செய்த கம்ப்ரெஸ்ட் சார்க்கோல், அது போகாது. அதனால் இடம் உறுதியாகும் வரை அதைத் தொடக்கூடாது.

அம்மா நாற்காலியில் உட்கார்ந்ததும் அடையாள அட்டைக்குப் படம் எடுக்கிற முகத்தை வைத்துக்கொண்டார். எல்லாருமே அப்படித்தான். அந்த முகம் தானாக இறங்க நேரம் ஆகும். அதுவரை நாற்காலி, தோள், கை மடிப்பு என்று சுற்றுப்புறத்தை வரைந்துகொண்டிருப்பது உத்தமம். பெரியம்மாவை எதிரே உட்காரவைத்துப் பேசவிட்டேன். பெரியம்மா பேச ஆரம்பித்தால் மற்றவர்களுக்குக் கேட்பது மட்டும்தான் வேலை.

கேட்கும்போது அம்மாவின் தலை அவருடைய வலப்பக்கமாகக் கொஞ்சம் திரும்பியது. முகவாய் இறங்கியது. கீழுதடு உள்ளே மடங்கிக்கொண்டது. எனக்குப் பழகிப்போன முகம்தான், ஆனால் வரைகிற பொருளாக அதுவரை கண்ணில் பட்டதில்லை.

திரும்பிய தலையை வரையக் கண்ணிமையில் தொடங்கக்கூடாது. தொடங்கினால் கை தன்னாலேயே தலையை நிமிர்த்தி நேராக்கிவிடும். பென்சிலைக் கை நீட்டிப் பிடித்து, இரண்டு கண்களையும் இணைக்கிற கோட்டின் சாய்வை முதலில் எடுத்தேன், பிறகு வாயோரங்களை இணைக்கிற கோடு. இரண்டையும் தாளில் போட்டு, மூக்கின் நடுக்கோட்டை அவற்றின் மேல் நிறுத்தியபோது, கண் காது எதுவும் இல்லாமலே அது அம்மாவாகத் தெரிந்தது.

பாடாய்ப் படுத்தியது அந்த மடங்கிய கீழுதடு. உதட்டுக்கு ஓரக்கோடு என்று ஒன்று கிடையாது. மேலுதடு கீழ்நோக்கித் திரும்பியிருப்பதால் அது நிழல். கீழுதடு மேல்நோக்கியிருப்பதால் வெளிச்சம் வாங்கும். அதற்குக் கீழே சின்னதாக இன்னொரு நிழல். உதட்டை மடக்கினால் நடுவில் உள்ள வெளிச்சப் பட்டை பாதியாகக் குறைகிறது, கீழ்நிழல் முகவாய் வரை இறங்குகிறது, வாயோரத்தில் ஒரே ஒரு புள்ளி மட்டும் கறுத்துப்போகிறது. அந்தப் புள்ளியைக் கம்ப்ரெஸ்ட் சார்க்கோலால் அழுத்தி வைத்து, வெளிப்பக்கத்தை மட்டும் சுண்டுவிரலால் தேய்த்தேன். உள்பக்கம் கூர்மையாகவே இருந்தது. வெளிச்சப் பட்டைக்கு வெள்ளைச் சாக்பீஸ் வேண்டாம். பிசைகிற எரேசரைக் கத்தி முனையாகக் கிள்ளி, ஒரே இழுப்பில் கரியை எடுத்தால் போதும். இன்னொரு முறை இழுத்தால் லிப்ஸ்டிக் போட்ட மாதிரி மினுங்கும்.

பெரியம்மாவை உட்காரவைத்து அம்மாவைப் பேசச் சொன்னேன். அதே வலப்பக்கத் திருப்பம், அதே மடிப்பு. தம்பியிடம் அவன் நண்பன் எதையோ விளக்கிக்கொண்டிருந்தான். மறுபடியும் அதே. மூக்கு, வாய், நெற்றி எதிலும் ஒட்டாத பையன் இதில் அப்படியே அம்மா. எல்லாரையும் நேராகப் பார்க்கச் சொல்லி எடுத்த போட்டோவில் இது எப்படி அகப்படும்?

படத்தைப் பார்த்த அம்மா, "வாய் நல்லா வந்திருக்கு. கழுத்துச் சுருக்கத்தை மட்டும் கொஞ்சம் குறைச்சுப் போடேன்" என்றார். டச்சிங்காரர் ஞாபகம் வந்தது. பதிலுக்கு ஜெர்மன் ஓவியர் டியூரர் 1514இல் கரியால் வரைந்த தன் தாயின் படத்தை எடுத்துக் காட்டினேன். அறுபத்து மூன்று வயது, பதினெட்டுப் பிள்ளைகள் பெற்றவர், ஒட்டிய கன்னம், புடைத்து நிற்கிற கழுத்து நரம்பு, ஒரு கண் வேறு பக்கம் பார்க்கிறது. வரைந்து இரண்டு மாதத்தில் அந்த அம்மா இறந்துபோனார். அம்மா கொஞ்ச நேரம் பார்த்தார். "பாவம், அவங்களைக் கேட்டிருந்தா அவங்களும் குறைக்கத்தான் சொல்லியிருப்பாங்க." சுருக்கத்தை நான் குறைக்கவில்லை. ஆனால் அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

என் முகம்

தன் முகத்தை வரைகிறவர் கண்ணாடியில் தன்னையே முறைத்துப் பார்க்க வேண்டும், அதனால் சுயஉருவப்படங்கள் பெரும்பாலும் முறைப்பாகவே இருக்கின்றன. நான் கேட்கும்போது என் முகம் எப்படி இருக்கும் என்பதைக் கண்ணாடி காட்டாது. கண்ணாடியில் இன்னொரு வேடிக்கை, எவ்வளவு தள்ளி நின்றாலும் கண்ணாடிப் பரப்பில் நம் முகம் நிஜ அளவில் சரிபாதிதான். ஆவி படிந்த கண்ணாடியில் முகத்தின் ஓரத்தை விரலால் சுற்றிக் கோடிட்டு அளந்து பார்த்தால் தெரிந்துவிடும். இடவலம் மாறித் தெரிவதைச் சரிசெய்ய, இரண்டு கண்ணாடிகளைச் செங்கோணத்தில் சேர்த்து வைத்து, சேருகிற மூலையைப் பார்த்தால் மற்றவர்கள் பார்க்கிற முகம் கிடைக்கும். முதன்முறை பார்க்கும்போது யாரோ அறிமுகமில்லாத ஆள் மாதிரி இருக்கிறது, வகிடுகூட எதிர்ப்பக்கம்.

முறைப்பு மட்டும் இதிலும் போகவில்லை. கடைசியில் தம்பியை விட்டு, பெரியம்மா பேசும்போது என்னை எனக்குத் தெரியாமல் வீடியோ எடுக்கச் சொன்னேன். வலப்பக்கம் திரும்பித்தான் இருந்தது.

திட்டத்தில் இல்லாதவர்

அப்பா ஒரு நாள், "என்னை மட்டும் ஏன் விட்டுட்டே?" என்றார். இது தாய்வழித் தொடர் என்று விளக்கினேன். "சரி சரி" என்று போய்விட்டார். அந்தச் சரி எனக்கு உறுத்தியது, உட்காரவைத்தேன். செய்தித்தாளை விடமாட்டேன் என்றார். ஆங்கிலேய ஓவியர் டேவிட் ஹாக்னி 1977இல் தன் பெற்றோரை வரைந்த படத்திலும் அம்மா நேராகப் பார்த்து உட்கார்ந்திருக்க, அப்பா மடியில் புத்தகத்தை வைத்துக் குனிந்துதான் இருக்கிறார். அப்பாக்கள் அப்படித்தான் போலிருக்கிறது என்று வரைய ஆரம்பித்தேன். நடுவில் அம்மா வந்து ஏதோ சொன்னார். அப்பா தாளைத் தாழ்த்தினார். முகவாய் இறங்கியது, தலை வலப்பக்கம் திரும்பியது. உதடு மட்டும் மடங்கவில்லை.

அப்பா வேறு குடும்பம். ரத்தத்தில் வர வழியில்லை.

படத்தைப் பார்த்ததும் பெரியம்மா, "இது எங்கம்மா கேட்கிற மாதிரியே இருக்கே" என்றார். பிறகு சாதாரணமாக, எங்கள் எல்லாருக்கும் தெரிந்த விஷயம் என்பதுபோல, "அம்மாவுக்கு வலது காது மந்தம். யாரு பேசினாலும் இடது காதைக் கொடுத்துத்தான் கேட்பாங்க" என்றார். அம்மாவுக்கே அது பாதி மறந்திருந்தது. பாட்டியின் காதைப் பார்த்துப் பெண்கள் இருவரும் கற்றிருக்கலாம், அம்மாவைப் பார்த்து நாங்களும் அப்பாவும். நிரூபிக்க வழி எதுவும் இல்லை. ஸ்டூடியோ போட்டோவில் பாட்டி நிமிர்ந்து நேராகத்தான் உட்கார்ந்திருக்கிறார், போட்டோகிராபர் அப்படித்தான் உட்காரச் சொல்லியிருப்பார்.

சேர்ந்து வாழ்கிற தம்பதிகள் முகம் ஒத்துப்போகும் என்று உளவியலாளர் ராபர்ட் ஸயோன்ஸும் உடன் ஆய்ந்தவர்களும் 1987இல் எழுதினார்கள். 2020இல் வந்த பெரிய ஆய்வு ஒன்று, தம்பதிகளின் முகங்கள் தொடக்கத்திலேயே கொஞ்சம் ஒத்திருக்கும், வருடம் ஆக ஆக ஒற்றுமை கூடுவதில்லை என்று சொன்னது. இரண்டுமே போட்டோக்களை வைத்துச் செய்தவை. தலை எந்தப் பக்கம் திரும்பிக் கேட்கிறது என்பது அவற்றில் வராது.

கேன்வாஸ்

பாட்டி கரியிலேயே நின்றுவிட்டார். மற்ற ஐந்து பேரும் எண்ணெய் வண்ணத்துக்குப் போனார்கள். முதல் பூச்சு பர்ன்ட் அம்பர், டர்பன்டைனில் நீர்க்கக் கரைத்தது. அதில் உள்ள மாங்கனீசு எண்ணெயைச் சீக்கிரம் உலரவைக்கும், அதனால் அடிப்பூச்சுக்கு ஏற்றது. மேலே போகப் போக லின்சீட் எண்ணெய் கூட வேண்டும். தலைகீழாகப் போனால் பின்னாளில் வெடிக்கும்.

தோல் நிறம்தான் கொஞ்சம் யோசிக்க வைத்தது. கிரயோலா நிறுவனமே 'ஃப்ளெஷ்' (சதை) என்ற பெயரில் விற்ற இளஞ்சிவப்புக் கிரேயானை 1962இல் 'பீச்' என்று மாற்றியது. அதே மாதிரி நிறம் ட்யூபில் அடைத்து இன்னமும் விற்கிறார்கள், எங்கள் வீட்டில் யாருக்கும் அது பொருந்தாது. ஐந்து பேருக்கும் ஐந்து நிறம். பர்ன்ட் சியன்னா, எல்லோ ஓக்கர், அல்ட்ராமரைன் நீலம் மூன்றையும் சேர்த்துப் பெரிய குவியலாக ஒன்று கலந்து, அதிலிருந்தே ஒவ்வொருவருக்கும் பிரித்தேன். அம்மாவுக்கு ஓக்கர் கூட, தம்பிக்கு நீலம் கூட. வெளிச்சப் பகுதிக்கு டைட்டானியம் வெள்ளையை அள்ளிப் போட்டால் பழுப்புத் தோல் சாம்பல் பூத்துவிடும். ஓக்கரையும் கொஞ்சம் சிவப்பையும் வைத்தே வெளுக்க வேண்டும். நெற்றி மினுமினுப்புக்கு மட்டும் வெள்ளையோடு துளி நீலம்.

மாட்டியது

குடும்பப் படம் என்றால் மரமாக அமைக்கலாமே என்று ஒரு யோசனை வந்தது. மெக்சிகோ ஓவியர் ஃப்ரிடா காலோ 1936இல் வரைந்த குடும்ப மரத்தில் குழந்தை ஃப்ரிடா கையில் ஒரு சிவப்பு ரிப்பன் இருக்கும், அது பெற்றோரைச் சுற்றி மேகத்தில் மிதக்கிற தாத்தா பாட்டிகள் வரை போகும். அழகான ஏற்பாடு. ஆனால் ரிப்பன் ரத்தத்தின் வழியே போகிறது. எனக்கு அப்பாவும் உள்ளே வர வேண்டும். அதனால் மரம் வேண்டாம் என்று, ஆறு படங்களையும் கண்கள் ஒரே மட்டத்தில் வரும்படி வரிசையாக மாட்டினேன். சட்டங்கள் மேலும் கீழுமாக இருந்தன, பரவாயில்லை. நடுவில் பாட்டி ஒருவர் மட்டும் நிமிர்ந்து பார்க்கிறார்.

பாட்டி படத்துக்கு, கரி உதிராமல் பிடித்து வைக்கிற ஃபிக்ஸட்டிவ் ஸ்ப்ரே, மூன்று மெல்லிய பூச்சாக, திறந்த இடத்தில். ஒரேயடியாக அடித்தால் கரி கறுத்து, இடைநிற டோன்கள் மங்கிவிடும். சட்டத்தில் கண்ணாடிக்கும் தாளுக்கும் நடுவே மவுண்ட் அட்டை வைத்து இடைவெளி விட்டேன். அக்ரிலிக் ஷீட் போடச் சொன்னார்கள், வேண்டாம் என்றேன். அதில் ஏறும் நிலைமின்சாரம் கரித்தூளைத் தாளிலிருந்து இழுத்துவிடும்.

பார்வையிட வந்த பெரியம்மா, பாட்டியைத் தலை திருப்பியபடி இன்னொரு படம் போட்டுத் தரச் சொன்னார். எல்லாருடைய திருப்பத்தையும் வைத்து வரைந்துவிடலாமே என்றார். முடியும்தான். ஆனால் அந்தக் கன்னத்தை நானேதான் கற்பனை செய்ய வேண்டும், எனக்கு மனசு வரவில்லை. எவ்வளவு சொல்லியும் பெரியம்மா ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில், "சரி, அப்ப உங்க அப்பா படத்தைக் குடு, அதை வெச்சுக்கறேன்" என்றார். அப்பாவுக்குப் பெருமை பிடிபடவில்லை, காரணம் அவருக்குச் சரியாகப் புரிந்ததா என்று தெரியவில்லை. எண்ணெய் உள்ளுக்குள் காய்ந்து வார்னிஷ் பூச ஆறு மாதமாவது ஆகும், அதற்குப் பிறகு தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.